காண்போர் மெய்ப்பாடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தளராமல் நடப்பது எளிய செயலன்று. அதிலும், பகல் வேலை, இரவு வேலை என்று முறை மாறி உழைக்கும் மக்கள் வாழ்கின்ற புளியந்தோப்பில், மாதந்தோறும் நாள் குறித்து, நாற்காலி தேடி, மழைக்காலத்துத் தெருநீரையும் கடந்து வந்து கவிதை பேசுவது அரிய செயல். அந்த அருமையைப் பாராட்டிய பின்னரே பொருளுக்குள் நுழைய வேண்டும் என்று கருதுகின்றேன்.

தொலைக்காட்சியும் தமிழர் உள்ளமும் என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். பரப்பு மிகப் பெரிது. ஆதலால் அதில் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். உடல் எடையைக் குறைக்கும் போட்டிகளைக் காட்டும் நிகழ்ச்சிகள், அவற்றைப் பார்ப்போர் உள்ளத்தில் என்ன செய்கின்றன என்பதே அம்மூலை. இது இலக்கிய மேடைக்குரிய பொருளா என்று சிலர் எண்ணலாம். என் வகுப்பில், நண்பகல் உணவுப் பெட்டியைத் திறவாமலே வீட்டிற்குத் திரும்ப எடுத்துச் செல்லும் மாணவியரை ஆண்டுதோறும் காண்கின்றேன். அவர்களுள் ஒருத்தியைக் காரணம் கேட்டபோது, "வெயிட்டை இறக்கணும் மேடம்" என்றாள். துறைமுகத்தை அடுத்த நம் பகுதியில் இறக்குதல் என்பது சரக்கைக் குறிக்கும் சொல். அவள் அதைத் தன் உடலுக்கு ஆண்டாள். உடலைச் சரக்காக எண்ணக் கற்பித்தது எது என்று ஆராய்வது மொழியாசிரியரின் கடமைகளுள் ஒன்று அல்லவா?

நிகழ்ச்சியின் இயல்பு

இவ்வகை நிகழ்ச்சிகளுக்கு முன்னோடியாக அமைந்தது அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 2004 அக்டோபரில் தொடங்கிய 'தி பிக்கஸ்ட் லூசர்'. அத்தலைப்பே ஒரு சிலேடை. மிகுதியாக இழந்தவர் என்றும் அதற்குப் பொருள். பெருந்தோல்வியாளர் என்றும் பொருள். பருத்த உடலினர் சிலரை ஓரிடத்தில் தங்க வைத்து, கடும் உடற்பயிற்சியும் குறைந்த உணவும் தந்து, வாரந்தோறும் பெரியதொரு எடைப்பொறியின் மேல் நிறுத்தி, குறைந்த எடையை நாடறியக் காட்டுவார்கள். போதிய அளவு குறையாதவர் வெளியேற்றப்படும் நிலைக்கு வருவார். இடையிடையே இனிப்பும் கொழுப்பும் நிறைந்த பண்டங்களை முன்னே பரப்பி மன உறுதியைச் சோதிப்பதும் உண்டு. இறுதியில் வென்றவர்க்குப் பெரும்பாலும் இரண்டரை இலட்சம் டாலர் பரிசு. இந்நிகழ்ச்சி பல நாடுகளில் அவ்வந்நாட்டு வடிவம் பெற்றது. இந்தியாவில் 2009இல் சகாரா ஒன் தொலைக்காட்சி, நடிகர் சுனில் செட்டி தொகுத்து வழங்க, 'பிக்கஸ்ட் லூசர் ஜீத்தேகா' என்னும் பெயரில் இந்தியில் ஒளிபரப்பியது.

தமிழ்நாட்டில், 2006இல் பொறுப்பேற்ற அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்திற்குப் பின், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளின் ஓரறை வீடுகளிலும் பெட்டி வந்தமர்ந்தது. இன்று அது கைப்பேசிக்குள் சுருங்கி, 'முன்பு - பின்பு' என்னும் இரண்டு படங்களாகவும் அரை நிமிடக் காட்சிகளாகவும் ஓடிக்கொண்டிருக்கின்றது. வடிவம் மாறினும் வேர் ஒன்றே.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

பார்ப்போர் உள்ளத்தை அளக்கத் தமிழில் நமக்கு ஒரு கருவி உண்டு. அது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். நிகழ்த்துவோனிடம் தோன்றியது காண்போனிடம் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் தம் உரையில் எடுத்துக்காட்டுவார். ஆகவே மெய்ப்பாடு மேடையோடு முடிவதன்று. காண்போன் மெய்யிலும் அது நிகழ வேண்டும். எடைப்பொறியின் மேல் நிற்பவரைக் கண்டு நம்மிடம் நிகழ்வது எண்வகை மெய்ப்பாட்டுள் எது?

முதலில் நகை. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். பருத்த உடலைக் கண்டு எழும் சிரிப்பு எள்ளலின்பாற்பட்டது. இதற்கு நம்மைப் பழக்கியதில் தமிழ்த் திரைக்கும் பங்குண்டு. பெயருக்கு முன் 'குண்டு' என்னும் அடைமொழி ஒட்டிக்கொள்ள, நல்ல நடிப்பாற்றல் கொண்டவர்களும் நாற்காலி உடையும் காட்சிக்கே அழைக்கப்பட்டனர்.

அடுத்து அழுகை. இழிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அதற்குக் களன். போட்டியாளர் தம் வாழ்வில் பட்ட இகழ்ச்சியைக் கூறி அழும்போது நாமும் கண் கலங்குகின்றோம். இது பொய்யன்று. ஆனால் அந்த இழிவை உண்டாக்கியவர் யார் என்று நிகழ்ச்சி கேட்பதில்லை. இகழ்ந்த உலகம் அப்படியே இருக்கின்றது. இகழப்பட்டவர் மட்டும் மாற வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவை அதன் களன்கள் என்பார் தொல்காப்பியர். பருமை அப்பட்டியலில் இல்லை. அதை நாம் சேர்த்துக்கொண்டோம். இது என் ஊகம் மட்டுமன்று. 2012இல் 'ஒபிசிட்டி' என்னும் மருத்துவ ஆய்விதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 59 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவிற்கு இந்நிகழ்ச்சியின் 40 நிமிடப் பகுதியையும், மற்றதற்கு இயற்கை பற்றிய நிகழ்ச்சியையும் காட்டினர். எடைப் போட்டியைப் பார்த்தவர்களிடம் பருத்தவர் மீதான வெறுப்பு மிகுந்திருந்தது. எடை என்பது முற்றிலும் அவரவர் கையில் உள்ளது என்னும் எண்ணமும் வலுத்திருந்தது. தாம் மெலிந்தவராகவும் எடை குறைக்க முயலாதவராகவும் இருந்தோரிடம் வெறுப்பு மேலும் மிகுந்திருந்தது. ஒரு முறை, 40 நிமிடம் பார்த்ததன் விளைவு இது. 2013இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வோ, இந்நிகழ்ச்சியின் சிறு பகுதியைப் பார்த்தோரிடம் உடற்பயிற்சியின் மீதே கசப்பு மிகுந்ததாகக் கூறுகின்றது. கதறியும் வாந்தியெடுத்தும் பயிற்சி செய்வோரைக் கண்டவர்க்கு மாலை நடையும் ஒரு தண்டனையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

நான்காவது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அதன் களன்கள். ஒன்று மற்றொன்றாய்த் திரிதலே ஆக்கம். இறுதிச் சுற்றில் திரை விலக, பழைய உருவத்தின் படத்தைக் கிழித்துக்கொண்டு புதிய உருவம் வரும் காட்சி இம்மருட்கைக்கென்றே அமைக்கப்பட்டது. ஆனால் 2014 பிப்ரவரியில் அமெரிக்க நிகழ்ச்சியில் இம்மருட்கை திசை மாறியது. 118 கிலோ எடையோடு வந்த பெண்ணொருவர் ஏறத்தாழ 48 கிலோவாக மேடையேறி முதற்பரிசு பெற்றார். பயிற்சியாளர்களே திகைத்த முகத்தோடு நின்றதை உலகம் பார்த்தது. அதுவரை 'குறை, குறை' என்று ஆரவாரித்த பார்வையாளர்கள், மறுநாளே 'எலும்பாகிவிட்டாள்' என்று அப்பெண்ணையே பழித்தனர். விதியை வகுத்தவர்களை விட்டுவிட்டு, விதிப்படி வென்றவரைத் தூற்றினர். பருத்திருந்தபோது ஏசிய வாயே மெலிந்தபோதும் ஏசியது. ஏசுவதற்கு உடல் ஒன்று வேண்டியிருந்தது. அதன் அளவு பொருட்டன்று.

ஐந்தாவது பெருமிதம். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கனுள் தறுகண்மையே இங்குப் பேசப்படுவது. 'இவரால் முடிந்தது, என்னால் ஏன் முடியாது' என்று எழுந்து நடக்கத் தொடங்கிய பெண்கள் நம் தெருவிலும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். எனினும் 'நினைத்தால் முடியும்' என்னும் சொல்லுக்கு ஒரு நிழல் உண்டு. 'முடியாதவர் நினைக்காதவர்' என்பதே அந்நிழல். ஊக்கம் ஒரு வாரத்தில் தளர்ந்தாலும், நிழல் நெடுநாள் நிற்கின்றது.

இக்காட்சிகளைக் கண்டு எழாத மெய்ப்பாடும் ஒன்று உண்டு. அது வெகுளி. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கும் அதன் களன்கள். அலை என்பது வைதும் வருத்தியும் அலைத்தல். ஒரு மனிதரை நாடு பார்க்க வைவதும், உடல் தாங்காத அளவு வருத்துவதும் அலை அன்றி வேறென்ன? தொல்காப்பியர் கணக்குப்படி நமக்குச் சினம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது, கண்ணீர் வந்தது, வியப்பு வந்தது. சினம் மட்டும் வரவில்லை. நிகழ்ச்சி தொடங்கி ஏறத்தாழ 21 ஆண்டுகள் கழிந்து, 2025 ஆகஸ்டில் நெட்பிளிக்ஸ் வெளியிட்ட ஆவணத்தொடரில் பழைய போட்டியாளர்கள் தாம் பட்டதைப் பேசிய பிறகே, பார்த்தோர் பலர்க்கும் அவ்வெகுளி வாய்த்தது.

யானைத்தீ

திரை மூடிய பின் அவ்வுடல்களுக்கு என்ன ஆயிற்று? அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர், 2009இல் ஒளிபரப்பான தொடரின் போட்டியாளர் 14 பேரை ஆறாண்டுக்குப் பின் ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். தொடக்கத்தில் அவர்களின் சராசரி எடை ஏறத்தாழ 149 கிலோ. போட்டி முடிவில் 91 கிலோ. ஆறாண்டுக்குப் பின் 132 கிலோ. 14 பேரில் 13 பேர்க்கு எடை மீண்டும் ஏறியிருந்தது. இதனினும் முகாமையான செய்தி ஒன்றுண்டு. ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றல், அந்த எடைக்கு இருக்க வேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்துபோய், ஆறாண்டாகியும் மீளவில்லை. பசி அடங்கியது என்று மூளைக்கு உணர்த்தும் லெப்டின் என்னும் சுரப்பும் பழைய அளவை எட்டவில்லை. பஞ்சம் வந்துவிட்டதென்று உடல் நம்பிவிட்டது போலும். குறைவாகச் செலவிட்டது, மிகுதியாகப் பசித்தது. அவர்கள் தோற்றது மன உறுதியில் அன்று. தம் உடலின் தற்காப்போடு தனியே போரிட்டனர்.

இதைப் படித்தபோது எனக்கு மணிமேகலையின் காயசண்டிகை நினைவுக்கு வந்தாள். விருச்சிக முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசி நோயுற்று, பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்தவள் அவள். எவ்வளவு உண்டும் அடங்காத அவள் பசியைச் சாத்தனார் பேராசை என்று பழிக்கவில்லை. நோய் என்றே பெயரிட்டார். மணிமேகலையும் அவளை மேடையேற்றி அறிவுரை கூறவில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்து இட்டாள். சாபம் என்பது காப்பியக் கற்பனை. இகழாமை என்பது காப்பிய அறம். கற்பனையை விட்டாலும் அறத்தை விட வேண்டியதில்லை.

கஞ்சித்தொட்டியும் எடைப்பொறியும்

இந்தச் செய்தி நம் பகுதிக்கு அயலானதன்று. ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் நம் முதியோர் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே வழங்குகின்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த பஞ்சத்தில், பட்டினியால் நகரை நோக்கி வந்தோர்க்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரமே அதன் மூலம். அடுத்த நூற்றாண்டில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில், நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் வகுத்தார். தாராளம் காட்டினால் உழைப்பை விட்டு நிவாரணத்தை நாடி வந்துவிடுவார்கள் என்னும் அச்சமே அதற்கு அடிப்படை. அவ்வளவு உணவில் உழைப்பாளி உடல் தேயும் என்று சென்னையின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். அன்று மெலிந்தவரைச் சோம்பேறி என்று ஐயுற்றனர். இன்று பருத்தவரைச் சோம்பேறி என்று ஏசுகின்றோம். உடலைப் பார்த்தே உள்ளத்தை எடைபோடும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

2019 - 21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களுள் 40.4 விழுக்காட்டினர்க்கு எடை மிகுந்துள்ளது, 53.4 விழுக்காட்டினர்க்குக் குருதிச் சோகை உள்ளது.  பருத்த உடலே சத்துக் குன்றிய உடலாகவும் இருக்கக்கூடும். விடியுமுன் தண்ணீருக்கு நின்று, வேலைக்கு ஓடி, மாலையில் திரும்பி, மலிவாகக் கிடைக்கும் அரிசியையும் எண்ணெயையும் கொண்டு வயிற்றை நிரப்பும் பெண்ணின் உடல் அது. சரக்கு லாரிகள் விரையும் சாலையில் அவள் எங்கே நடப்பாள்? எந்த வேளையில் நடப்பாள்? எடைப்பொறி கிலோவைக் காட்டும்; இவற்றைக் காட்டாது.

நான் உடல்நலத்திற்கு எதிராகப் பேசுவதாகக் கொள்ள வேண்டா. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் செய்யும் அழிவை அறியாதார் இல்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நலப்பணியாளர் வீடு தேடி வந்து அழுத்தம் பார்க்கின்றனர், மாத்திரை தருகின்றனர். அங்கே கைதட்டல் இல்லை, எள்ளலும் இல்லை. முன்னது உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்க என்னும் கருத்தை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தார். இகழ்ச்சியை அவர் மருந்தாக வைக்கவில்லை. எடை குறைப்பது ஒருவர்க்குத் தேவையாகலாம்; அது அவர்க்கும் மருத்துவர்க்கும் உரிய செய்தி. அதைப் பிறர் இன்பத்திற்குரிய காட்சியாக்குவதே என் மறுப்பிற்குரியது.

வேலனா, தோழியா?

இனிக் கவிஞர்களாகிய உங்களிடம் வருகின்றேன். நம் கவிதை மரபு இதில் முற்றும் குற்றமற்றதன்று. கொடி என்றும் நூல் என்றும் மின்னல் என்றும் இடையைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் இடையே இல்லை என்று பாடிய மரபும் நம்முடையதே. இல்லாத இடையைப் பாடியவர்கள், இருக்கின்ற இடையோடு வாழ்ந்த பெண்களை எண்ணிப் பார்க்கவில்லை.

ஆயின் அதற்கு முந்தைய மரபொன்று நமக்கு உண்டு. அகப்பாடல்களில் மெலிவு அழகாகக் கொண்டாடப்படுவதில்லை. அது துன்பத்தின் குறி. வளை நெகிழ்ந்தால், தோள் மெலிந்தால், மேனியில் பசலை படர்ந்தால், கண்டவர் கைதட்டவில்லை, 'என்ன ஆயிற்று?' என்று கேட்டனர். மகளின் மெலிவைக் கண்ட தாய், காரணம் அறியாது வேலனை அழைக்கின்றாள். அவன் முருகு அணங்கிற்று என்று கூறி, களம் இழைத்து, மறி அறுத்து, ஊர் கூட வெறியாடுகின்றான். அவளுக்கு உண்மையில் நேர்ந்தது என்னவென்று அறிந்தவள் தோழி ஒருத்தியே. ஊரார் ஆரவாரத்தின் நடுவே உண்மையைச் சொல்லும் துணிவும் அவளுக்கே உண்டு. அதையே அறத்தொடு நிற்றல் என்றனர்.

இன்றைய எடைப் போட்டி எனக்கு ஒரு வெறியாட்டாகவே தோன்றுகின்றது. விளக்கொளியில் களம் இருக்கின்றது. உரத்துக் கத்தும் வேலன் இருக்கின்றான். ஊர் கூடிப் பார்க்கின்றது. காரணம் மட்டும் தவறாகக் கணிக்கப்படுகின்றது. கவிஞன் அங்கே வேலனின் உடுக்கையாக இருப்பதா, தோழியின் குரலாக இருப்பதா என்பதே கேள்வி. நம் வடசென்னையின் குத்துச்சண்டை மரபைக் காட்டிய 'சார்பட்டா பரம்பரை' 2021இல் வந்தது. அதிலும் நாயகன் குடியில் வீழ்ந்து பருத்துப்போய், பின் பயிற்சியால் மீளுகின்றான். நாமும் மகிழ்ந்து பார்த்தோம். ஆனால் மாதக்கணக்கான உழைப்பு திரையில் சில நிமிடங்களில் கடந்துவிடுகின்றது. திரைக்கு அந்தச் சுருக்கம் தேவை. அச்சுருக்கத்தில் விடுபட்ட நாட்களை எழுதுவது கவிதையின் வேலை.

ஆகவே இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டிற்கு இரண்டு விண்ணப்பங்களை வைக்கின்றேன். முதலாவது, நம் கவியரங்குகளில் தலைமை ஏற்பவரின் உருவத்தையும் பாட வருபவரின் உருவத்தையும் வைத்துச் சிலேடை சொல்லும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துவோம். அதற்கு எழும் சிரிப்பு எள்ளல் என்பதைத் தொல்காப்பியர் சொல்லிவிட்டார். அச்சிரிப்பிற்கு ஆளானவரும் உடன் சிரிக்கின்றாரே என்பது விடையாகாது. அவையில் அவருக்கு வேறு வழியில்லை. இரண்டாவது, ஆண்டில் ஓர் அமர்வை உழைக்கும் உடலைப் பற்றிய கவிதைகளுக்கென ஒதுக்குவோம். மூட்டை சுமந்த தோள், மகப்பேற்றுக்குப் பின் தளர்ந்த வயிறு, நின்றே வேலை செய்து வீங்கிய கால் ஆகியவற்றை உவமைக்காகவன்றி, அவற்றுக்காகவே பாடுவோம். அவ்வமர்விற்கு என் மாணவியரை அழைத்து வருகின்றேன். உணவுப் பெட்டியைத் திறவாதவர்களும் அவர்களுள் இருப்பார்கள். தம் உடல் இறக்கி வைக்க வேண்டிய சரக்கன்று என்பதை ஆசிரியர் கூறினால் அறிவுரை என்று கடந்துவிடுவார்கள். நல்ல கவிதை ஒன்று கூறினால் ஒருவேளை நின்று கேட்பார்கள்.